செங்கோட்டையில் வீடா, ஆரியங்காவில் மனையா? ஒரு நர்ஸின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இடையில் படிக்க வருகிறவர்களுக்கும் புரியட்டும். நீங்கள் தென்காசிப் பக்கம் அரசு மருத்துவமனையில் நர்ஸ். பல வருடம் தொகுப்பூதியத்தில் ஓட்டி, இரண்டு வருடத்துக்கு முன்புதான் காலமுறை ஊதியத்துக்கு வந்திருக்கிறீர்கள். கணவர் ஆரியங்காவுப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழி ஆசிரியர். அவருக்குச் சம்பளம் கேரள அரசு. செங்கோட்டையில் வாடகை வீடு, இரண்டாம் வகுப்பில் ஒரு குழந்தை, கையில் 6 லட்சம். செங்கோட்டையில் ஒரு வீட்டை 38 லட்சத்துக்குச் சொல்கிறார்கள். கணவரோடு வேலை பார்ப்பவர் மலைக்கு அந்தப் பக்கம் 12 சென்ட் நிலம் 9 லட்சத்துக்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். அரசு முன்பணமா (அரசு தன் ஊழியர்களுக்கு வீட்டுக்கென்று தரும் கடன்), வங்கிக் கடனா, எது மலிவு என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, உங்களோடு படித்து இங்கிலாந்துக்குப் போன தோழி, 'இங்கெல்லாம் நர்ஸுக்கு அரசாங்கமே வீடு வாங்க உதவி பண்ணுது' என்று சொன்னதையும் எழுதி, இங்கே அப்படி ஏதும் இல்லையா என்று ஆதங்கப்பட்டிருக்கிறீர்கள்.

எது மலிவு என்பது கடைசியில் பார்க்க வேண்டிய விஷயம். 6 லட்சத்தை வைத்துக்கொண்டு உங்கள் இருவரால் இது முடியுமா, முடியுமென்றால் மலைக்கு எந்தப் பக்கம் என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. நான் பொதுத்துறை வங்கி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்காலம் வீட்டுக் கடன் மேசை; தென்காசி, புனலூர், களியக்காவிளை என்று எல்லையை ஒட்டியே சுற்றினேன். வக்கீல் இல்லை, அரசு ஊழியனாகவும் இருந்ததில்லை. அதனால் கடன், பத்திரம் பற்றி உறுதியாகவும், உங்கள் துறையின் உள்விவகாரம் பற்றி அடக்கமாகவும் பேசுகிறேன்.

தோழி சொன்னது பொய்யில்லை, ஆனால் பாதிதான். இங்கிலாந்தில் 2001 வாக்கில் நர்ஸ், ஆசிரியர், போலீஸ்காரர்களுக்கென்று முதல் வீட்டு உதவித் திட்டம் ஒன்று வந்தது. 2004இல் அதை 'கீ ஒர்க்கர் லிவிங்' என்று விரித்து லண்டன், தென்கிழக்கு, கிழக்குப் பகுதிகளில் நடத்தினார்கள். லண்டனில் வீட்டு விலை ஏறிப்போய், ஆஸ்பத்திரிக்கு நர்ஸும் பள்ளிக்கு வாத்தியாரும் நிற்காமல் ஓடியதுதான் காரணம். அரசு 50,000 பவுண்ட் வரை பங்குக் கடனாகக் கொடுத்தது. பங்குக் கடன் என்றால், வீட்டை விற்கும்போது விலை ஏறியிருந்தால் அந்த ஏற்றத்திலும் அரசுக்குப் பங்கு உண்டு. வேலையை விட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஆக, தானமில்லை. அந்தத் திட்டம் முடிந்து பல வருடம் ஆகிறது. 2021இல் வந்த 'ஃபர்ஸ்ட் ஹோம்ஸ்' திட்டத்தில் குறிப்பிட்ட புது வீடுகளைச் சந்தை விலையில் குறைந்தது 30 சதவீதம் தள்ளித் தருகிறார்கள்; உள்ளூராட்சி விரும்பினால் இப்படிப்பட்ட ஊழியர்களுக்கு முன்னுரிமை தரலாம்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அவர்கள் கை வைத்த இடத்தைக் கவனியுங்கள். வட்டியை மட்டும் குறைத்து நிறுத்திக்கொள்ளவில்லை. சம்பளக்காரனால் தவணை கட்ட முடியும், முதலில் போடும் மொத்தத் தொகைதான் அவனிடம் இருக்காது என்று புரிந்துகொண்டு அந்த ஓட்டையை அடைத்தார்கள். நம் ஊரிலும் மாதச் சம்பளக்காரர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். என் மேசைக்கு வந்த அரசு ஊழியர்களில் தவணை கட்ட முடியாமல் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். பத்திரப்பதிவு நாளுக்கு முந்தின வாரம் பணத்துக்கு அலைந்தவர்கள்தான் கணக்கில்லாமல் இருந்தார்கள்.

உங்கள் 38 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டுக் கடன் 30 லட்சத்துக்குள் என்றால் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை, 30க்கு மேல் 75 லட்சம் வரை என்றால் 80 சதவீதம் வரைதான் வங்கி கொடுக்கலாம். 38இல் 80 சதவீதம் 30 லட்சத்து 40 ஆயிரம். மீதி 7 லட்சத்து 60 ஆயிரம் உங்கள் கையிலிருந்து. பத்திரச் செலவை வங்கி இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது (10 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன வீட்டுக்கு மட்டும் விலக்கு). தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 38க்கு 3 லட்சத்து 42 ஆயிரம். இதுவரை 11 லட்சம். வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர், வங்கியில் பத்திரம் வைப்பதற்கான பதிவுச் செலவு, எழுத்தர் கூலி எல்லாம் சேர்த்தால் பதினொன்றரை வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருப்பது 6. ஓட்டை ஐந்தரை லட்சம். தவணையைப் பார்த்தால், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்று வைத்தால் மாதம் 25,400 சொச்சம். இரண்டு அரசுச் சம்பளத்துக்கு அது மலையில்லை. அந்த ஐந்தரைதான் மலை.

இந்த இடத்தில் விற்பவர் ஒரு யோசனை சொல்வார், அநேகமாக ஏற்கனவே சொல்லியிருப்பார். 'கைடுலைன் 22 லட்சம்தாம்மா வருது, பத்திரத்துல அதையே போட்டுக்கிடுவோம், மிச்சத்தக் கையில குடுங்க, உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்' என்று. கைடுலைன் என்பது பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு. பத்திரச் செலவு மிச்சமாவது 1 லட்சத்து 44 ஆயிரம், உண்மைதான். ஆனால் வங்கி பத்திர விலையைத்தான் பார்க்கும். 22 லட்சத்தில் 90 சதவீதம் கொடுத்தாலும் கடன் 19 லட்சத்து 80 ஆயிரம். அப்புறம் 38 ஆகும்வரை, பத்திரச் செலவும் சேர்த்து, 20 லட்சத்துக்கு மேல் நீங்கள் ரொக்கமாகப் புரட்ட வேண்டும். அதோடு சொத்து விஷயத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே வருமான வரிச் சட்டப்படி தடை, வாங்கினால் அபராதம். வியாபாரிக்கு அது ஒரு நோட்டீஸோடு போகும், அரசு ஊழியருக்கு வேலையோடு விளையாடுவது. முழு விலைக்குப் பத்திரம் போட மாட்டேன் என்கிறவர் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, ஐந்தரை லட்சத்தை எப்படி அடைப்பது? பெரும்பாலோர் செய்வது சொசைட்டி கடன். பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும், சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வார்கள், யாரும் வீடு தேடி வர மாட்டார்கள். அதன் வில்லங்கம் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. ஒரு போலீஸ்காரர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கையிலிருந்து போட வேண்டிய பணம் தயார் என்று காட்ட, வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சொசைட்டியில் முழு வரம்பும் எடுத்துவிட்டார், போதாததற்கு ஒரு தனிநபர் கடனும். பட்டியலைப் பிரித்து மேசையில் வைத்தார். இடது பக்கம் சம்பளம் அம்சமாக இருந்தது. வலது பக்கம் பிடித்தம் எட்டு வரி ஓடியது. கடைசி வரியில் கைக்கு வருவது மொத்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வங்கி அந்தக் கடைசி வரியிலிருந்துதான் தவணை கணக்குப் போடும். அவருக்குக் கிடைக்க வேண்டிய 24 லட்சம் 11 லட்சமாகச் சுருங்கியது. வாங்கிய கடனை ஒரு வருடம் உட்கார்ந்து அடைத்துவிட்டு மறுபடி வந்தார். நீங்கள் மாதம் 4,800 சொசைட்டி பிடித்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். வீட்டுக் கடன் விண்ணப்பம் போடும் முன் அதை முடிக்க முடியுமா பாருங்கள். முடிக்காமல் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

இன்னொரு வழி சேமநலநிதி. உங்கள் மருத்துவமனையில் 2003 ஏப்ரலுக்கு முன் சேர்ந்த மூத்த சிஸ்டர்கள், 'பி.எஃப்.ல எடுத்துத்தான் வீடு கட்டினேன்' என்று சொல்வார்கள். அவர்களுக்கு அது இருந்தது. அதற்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்கு வந்தது பங்களிப்பு ஓய்வூதியம். அதில் போட்ட பணத்தை நடுவில் வீட்டுக்கென்று தொட வழியில்லை. கேரளத்தில் அந்தக் கோடு 2013 ஏப்ரல். உங்கள் கணவர் அதற்கு முன் சேர்ந்திருந்தால் அவரிடம் சேமநலநிதி இருக்கும். பின் சேர்ந்திருந்தால் தேசிய ஓய்வூதியத் திட்டம், அதில் மூன்று வருடம் கழித்து அவர் சொந்தமாகப் போட்ட தொகையில் 25 சதவீதம் வரை முதல் வீட்டுக்கு எடுக்கலாம். எப்படியும் ஓட்டையில் ஒரு பகுதி அவர் பக்கத்திலிருந்து அடையும். அவர் பணியில் சேர்ந்த தேதியைக் கேளுங்கள், இதில் முதல் வேலை அது.

இப்போது நீங்கள் கேட்ட அரசு முன்பணம். தமிழக அரசு ஊழியர்களுக்கான வீடு கட்டும் முன்பண வரம்பை 2021இல் 25 லட்சத்திலிருந்து 40 ஆக்கினார்கள், 2023-24 நிதிநிலை அறிக்கையில் 50 லட்சமாக அறிவித்தார்கள். வரம்பு 50 என்றால் எல்லோருக்கும் 50 இல்லை. உங்கள் அடிப்படைச் சம்பளமும் மிச்சமிருக்கும் பணிக்காலமும்தான் தொகையைத் தீர்மானிக்கும். அதன் பெரிய நன்மை வசூலிக்கும் வரிசையில் இருக்கிறது: முதலில் அசல் தவணைகள், அது முடிந்த பின் வட்டித் தவணைகள். இன்னொரு நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. தவணையோடு ஒரு சின்னத் தொகையைக் குடும்ப நல நிதிக்குப் பிடிப்பார்கள். பணியில் இருக்கும்போது ஊழியர் இறந்துபோனால் மிச்சக் கடன் குடும்பத்தின் தலையில் விழாது. வங்கியில் இதற்கென்று காப்பீடு எடுக்கச் சொல்லி ஒரே மூச்சில் 60, 70 ஆயிரத்தைக் கடனோடு சேர்த்துவிடுவார்கள். நானே அப்படிச் சேர்த்து எழுதியிருக்கிறேன், மேலிடத்து இலக்கு. வீட்டுக் கடனுக்கு அந்தக் காப்பீடு கட்டாயமில்லை, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

முன்பணத்தின் குறை காலம். அது நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்து வருவது. விண்ணப்பம் உங்கள் நிறுவனத்திலிருந்து துறை வழியாகப் போய், வரிசையில் நின்று, ஒதுக்கீடு வந்த பிறகுதான் உத்தரவு. எத்தனை மாதம் ஆகும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் நாலு மாதமும் பார்த்திருக்கிறேன், ஒன்றரை வருடமும் பார்த்திருக்கிறேன். 38 லட்சத்துக்கு வீடு விற்கிறவர் ஒப்பந்தத்தில் மூன்று மாதக் கெடு போடுவார். முன்பணத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, கெடு தாண்டி, அட்வான்ஸை விட்டவர்கள் உண்டு. அதனால் கட்டின வீட்டை வாங்க முன்பணம் தோதுப்படாது என்பது என் அனுபவம். விதி இடம் கொடுத்தாலும் விற்பவர் பொறுமை இடம் கொடுக்காது. சொந்த மனையில் கட்டுவதற்கு அது நன்றாகப் பொருந்தும், மனை எங்கும் ஓடிப்போகாது.

மத்திய அரசு ஊழியர்கள், நம் பக்கம் தபால், ரயில்வே, மகேந்திரகிரி இஸ்ரோ ஆட்களும் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காக ஒரு வரி. 2017 விதிப்படி 34 மாத அடிப்படைச் சம்பளம் அல்லது 25 லட்சம், இதில் எது குறைவோ அது, தனி வட்டி, 15 வருடம் அசல், அப்புறம் 5 வருடம் வட்டி. வங்கியில் எடுத்த வீட்டுக் கடனை இதற்கு மாற்றவும் அனுமதி இருக்கிறது.

பிரதமர் வீட்டுத் திட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புற இரண்டாம் பதிப்பில் வட்டி மானியம் மறுபடி வந்திருக்கிறது: 35 லட்சத்துக்கு மிகாத வீடு, 25 லட்சத்துக்கு மிகாத கடன், முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீதம், மொத்தம் 1 லட்சத்து 80 ஆயிரம் வரை ஐந்து தவணையாக. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் இருவர் சம்பளத்தையும் பஞ்சப்படியோடு கூட்டினால் தாண்டிவிடும், வீட்டு விலையும் 35ஐத் தாண்டுகிறது. உங்களுக்கு இல்லை. ஒற்றைச் சம்பளத்தில் இருக்கும் கான்ஸ்டபிள், அலுவலக உதவியாளர், தூய்மைப் பணியாளர் நகராட்சி எல்லைக்குள் வாங்கினால் பார்க்கலாம். எனக்கு இதில் வருத்தமான ஒன்று உண்டு. உங்களைப் போல 2015இல் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் சேர்ந்த நர்ஸுகள், 108 ஓட்டுநர்கள், ஒப்பந்த ஆட்கள், ஊருக்கு அத்தியாவசியம் என்று கொரோனா காலத்தில் கை தட்டினோமே, அவர்கள் எவருக்கும் அரசு முன்பணம் கிடையாது. வேலை நிரந்தரமானால்தான் ஊழியர் என்ற கணக்கு. நிரந்தரமாகும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிடுகிறது, அதற்குள் மனை விலை இன்னொரு படி ஏறிவிடுகிறது.

அடுத்து அந்த 12 சென்ட். கணவரின் நண்பர் 'நிலம்' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். நமக்கு நிலம் என்றால் பூமி, எந்த பூமியும். கேரள வருவாய்ப் பதிவேட்டில் 'நிலம்' என்றால் நெல்வயல். வீடு கட்டத்தக்க மேட்டு பூமிக்கு அங்கே பெயர் 'புரயிடம்'. நான் அந்தப் பக்கம் இருந்தபோது ஒரு பஸ் டிரைவர், நம்ம ஊர்க்காரர், வீட்டம்மா நகையை விற்று 8 சென்ட் வாங்கிப் பதிவும் முடித்துவிட்டுக் கட்டடக் கடனுக்கு வந்தார். கரம், அதாவது நிலவரி, கட்டிய ரசீதை நான் விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினேன், பூமியின் வகையைச் சொல்லும் இடத்தில் 'இனம்: நிலம்'. அவர் சொன்னார், 'நிலம்னுதான சார் போட்டிருக்கு, கடல்னா போட்டிருக்கு?' சிரிக்கவும் முடியவில்லை. நேரில் போய்ப் பார்த்தால் மண்ணடித்து மேடாக்கி, சுற்றி ரப்பரும் வீடுகளுமாகத்தான் இருந்தது. பதிவேட்டில் வயல் வயல்தான். அவர் இன்றைக்கும் அதில் மரச்சீனி போட்டுக்கொண்டிருக்கிறார்.

2008இல் வந்த கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி, பஞ்சாயத்துதோறும் வயல்களைக் கணக்கெடுத்து 'டேட்டா பேங்க்' என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பூமி அந்தப் பட்டியலில் இருந்தால் கட்டட அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. சட்டம் வருவதற்கு முன்பே வைத்திருந்த, வேறு வீட்டுமனை இல்லாத குடும்பத்துக்குச் சொந்த வீட்டுக்கென்று சின்ன விலக்கு உண்டு. பின்னால் விலைக்கு வாங்கியவர் அதைக் காட்டித் தப்ப முடியாது. பதிவேட்டில் நிலம், ஆனால் டேட்டா பேங்கில் இல்லை என்றால் பரவாயில்லை, ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) அலுவலகத்தில் ஆறாம் எண் படிவம் போட்டு இனமாற்றம் கேட்கலாம். தவறாக டேட்டா பேங்கில் ஏறிவிட்டது என்றால் முதலில் ஐந்தாம் எண் படிவம், அப்புறம் ஆறு. இதெல்லாம் விற்பவர் செய்து முடிக்க வேண்டிய வேலை. 'வாங்கிட்டு மாத்திக்கலாம் சாரே' என்று சொன்னால், அவரால் முடியாததை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று அர்த்தம்.

வார்த்தைச் சிக்கல் இன்னும் உண்டு. நமக்கு 'ஆதாரம்' என்றால் சாட்சி, அங்கே அதுதான் கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம் 'முன்னாதாரம்'. வில்லங்கச் சான்று 'குடிக்கட சர்ட்டிபிகேட்'. பட்டா மாற்றம் 'போக்குவரவு'. நமக்குப் பட்டா எல்லோரிடமும் இருக்கும் காகிதம், அங்கே 'பட்டயம்' என்றால் அரசு நிபந்தனையோடு ஒப்படைத்த பூமியாக இருக்கும். விற்கலாமா, என்ன பயனுக்குக் கொடுத்தது என்று பார்க்காமல் தொடக் கூடாது. ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் தோட்ட பூமி அதிகம். நில உச்சவரம்புச் சட்டத்தில் தோட்டம் என்று விலக்கு வாங்கிய ரப்பர் எஸ்டேட்டைத் துண்டு துண்டாக வீட்டுமனையாக விற்றால், அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். காட்டை ஒட்டியிருந்தால் வனத்துறை ஆட்சேபணை தனி. 12 சென்ட் 9 லட்சம் என்ற விலையைப் பார்த்தால் இவற்றில் ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தோன்றுவது மட்டும்தான், வில்லேஜ் ஆபீஸில் அடிப்படை வரிப் பதிவேட்டையும் பஞ்சாயத்தின் டேட்டா பேங்கையும் சர்வே எண்ணோடு பார்த்தால் அரை நாளில் தெரிந்துவிடும். பத்திரச் செலவும் அங்கே 10 சதவீதம், முத்திரை 8, பதிவு 2.

செங்கோட்டைப் பக்கம் எல்லாம் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இது முதலில் திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949 முதல் 1956 நவம்பர் 1 வரை திரு-கொச்சி மாநிலத்திலும் இருந்த ஊர். பழைய தாய்ப்பத்திரங்களில் ஆங்கில வருடம் இருக்காது, மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டுதான். 'கொல்லம் 1104 மேடம்' என்று ஒரு பத்திரம் (மேடம் என்பது நம் சித்திரை). சென்னையிலிருந்து வந்த இளம் வக்கீல் 1104ஐ சர்வே எண் என்று நினைத்துக் கருத்துரை எழுதிவிட்டார். 825ஐக் கூட்டினால் 1929. சர்வே எண்களும் பிற்பாடு மாறியிருக்கின்றன, பழைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் தொடர்பு காட்டும் காகிதம் இல்லாமல் வங்கி வக்கீல் கையெழுத்துப் போட மாட்டார். உள்ளூரில் பழைய பத்திரம் படித்துப் பழகிய வக்கீலிடம் கொடுங்கள். அப்புறம், மலையடிவாரக் கிராமங்கள் சில மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் வருகின்றன, அங்கே மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கூடுதல் அனுமதி வேண்டும். வயலை மனையாக்கி விற்கும் பழக்கம் நம்மிடமும் தாராளம். மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20க்கு முன் உருவாகி வரன்முறை செய்யப்பட்டதா என்று உத்தரவு எண்ணைக் கேளுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் 38 லட்சம் வீட்டையும் விடுவேன், 12 சென்டையும் விடுவேன். செங்கோட்டை நகராட்சிக்குள், ரயில்வே ஸ்டேஷனுக்குக் கணவர் சைக்கிளில் போகும் தூரத்தில், அங்கீகாரமுள்ள மூன்றரை, நாலு சென்ட் மனை தேடுவேன். பதிவு மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து உங்கள் பெயரில் வாங்கினால், 2025 ஏப்ரல் 1 முதல் பெண்களுக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. 9க்குப் பதில் 8. கையிலிருக்கும் 6 லட்சமும், கணவர் பக்கத்து நிதியும் சேர்ந்தால் மனை பெரிய கடன் இல்லாமல் முடியும். அதற்குப் பிறகு உங்கள் பெயரில் முன்பணத்துக்கு விண்ணப்பம். ஒதுக்கீடு வர எட்டு மாதமானாலும் பன்னிரண்டு மாதமானாலும் யாரும் கெடு சொல்லி மிரட்டப் போவதில்லை. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500க்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. நாலு சென்ட் என்பது 1,742 சதுர அடிதான். இதில் எனக்கு நிச்சயமில்லாத ஒன்று கட்டுமானச் செலவு. இன்றைக்குக் கொத்தனார் சொல்லும் விலை, முன்பணம் கைக்கு வரும் நாளில் இருக்காது. அதனால் முதலில் கீழ்த்தளத்தில் 800 சதுர அடி, மாடிக்கு அஸ்திவாரம் மட்டும் என்று வரைபடம் போடுங்கள்.

மனை விலை ஏறிவிடுமே என்ற பயத்தில் அவசரப்படுகிறீர்கள் என்று எழுத்தில் தெரிகிறது. ஏறலாம். கொல்லம் ரயில் பாதை 2018இல் அகலப்பாதையாகித் திறந்த பிறகு ஏறியது, 2019இல் தென்காசி தனி மாவட்டமானபோதும் ஏறியது. இனி எவ்வளவு ஏறும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது, புரோக்கருக்கும் தெரியாது.

இன்னும் ஒன்று, இதை விட்டுவிட்டுப் பின்னால் மெமோ வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அரசு ஊழியர் நன்னடத்தை விதிப்படி அசையாச் சொத்து வாங்கும் முன் துறைக்குத் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். உங்களுக்குத் தமிழக விதி, கணவருக்குக் கேரள விதி. சொத்து ஒருவர் பெயரில் என்றாலும் பணம் இருவருடையது என்பதால் இருவரும் எழுதிக் கொடுப்பது நல்லது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் எழுதுங்கள், அனுப்பிய கடிதத்தின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். மனை ஏதாவது அமைந்தால் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு இங்கேயே கேளுங்கள், வில்லங்கச் சான்றை எந்த வருடத்திலிருந்து போட வேண்டும் என்று சொல்கிறேன்.